மூன்றாவது வில்

"அக்கா, இதுல எது நல்ல வில்?"

கேட்டவள் குழல்வாய்மொழி. குழலி என்றால் போதும். திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறாள். பல்கலைக்கழக வில் அணியில் இரண்டு வருஷமாக மாற்று ஆள். மாற்று ஆள் என்றால், மற்றவர்கள் எய்யும்போது தண்ணீர் பாட்டிலோடு நிற்பவள்.

கேட்கப்பட்டவள் நஸ்ரின். குழலியைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. ஒரு காலத்தில் அதே அணிக்குத் தலைவி. இப்போது செங்கோட்டைச் சாலையில், பழைய ஓட்டுச் சூளை இருந்த வெட்டவெளியில் வைக்கோல் இலக்குகளை நட்டு, வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள்.

சாரல் தூறிக்கொண்டிருந்தது. நஸ்ரின் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அம்புக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குழலி சாக்கை அவிழ்த்தாள். உள்ளே மூன்று காம்பவுண்ட் வில். இரண்டு நுனியிலும் சக்கரம், குறுக்கே நாண்கள். மூன்றும் யார் யாரோ எய்து கைமாறியவை.

தென்காசியில் பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் பொன்னையா அண்ணாச்சி, சாயங்காலம் வரை எய்து பார் என்று கொடுத்திருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிவிட வேண்டும். தீபாவளி கழித்து அணித் தேர்வு. சொந்த வில் இல்லாதவர்கள் இனி வரிசையிலேயே நிற்கக் கூடாதென்று இந்த வருஷம் புது விதி.

அந்த விதி செல்லாது என்று குழலி முதலில் வாதாடி முடித்தாள். எதிர்த்துப் பேச ஆளில்லாததால் வழக்கில் அவளே ஜெயித்தாள்.

பிறகு வில்லுக்கு வந்தாள்.

கறுப்பு வில் வேகம். நாண் புதுசு, சக்கரத்தில் கீறல் இல்லை. நீல வில் நீளம். கை நடுங்கினாலும் அது நடுங்காது. ஆனால் வேகமில்லாமல் நீளத்தை வைத்து என்ன செய்ய? நிதானமில்லாத வேகம் மட்டும் எதற்கு? கறுப்புக்கும் அவளே வக்கீல், நீலத்துக்கும் அவளே வக்கீல். நடுவில் எழுந்து ஆட்சேபித்தவளும் அவளே.

நஸ்ரின் இறகில் பசை காயட்டும் என்று ஊதினாள்.

"மூணாவது?"

அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது இடக்கை வில்லுக்கா. யாரும் சீந்த மாட்டேங்காங்கன்னு அண்ணாச்சி சும்மா சேத்துக் கட்டிட்டாரு. துணி காயப்போடலாம்."

மூன்றாவது வில் பச்சை. பாதிக்கு மேல் பெயின்ட் உரிந்திருந்தது.

நஸ்ரின் ஒரு உருண்டைப் பஞ்சைத் தூக்கிப் போட்டாள். குழலிக்குப் புரிந்தது. பழைய வில்லின் வளையும் கைகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு அதில் நூல் நூலாக மாட்டிக்கொள்ளும். கறுப்பின் மேல் தடவினாள். வழுக்கிக்கொண்டு போனது. நீலத்திலும் மாட்டவில்லை.

நஸ்ரின் பச்சையைப் பார்த்தாள். குழலி மரியாதைக்கு அதையும் தடவினாள். அதிலும் ஒன்றும் மாட்டவில்லை.

"அப்ப மூணும் நல்ல வில்லுதான்" என்றாள் நஸ்ரின்.

மூன்றுமே நல்லதென்றால் ஒப்பிடுவதற்கே அர்த்தமில்லாமல் போகுமே என்று குழலி ஆரம்பித்தாள்.

"போய் எய்யி."

சாரல் விட்டிருந்தது. குழலி கறுப்பை எடுத்தாள். இழுத்தாள், இடது கண்ணை இறுக்கி மூடினாள், விட்டாள். இலக்கின் நடுவிலிருந்த மஞ்சளில் குத்தியது. அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்தது மஞ்சளின் ஓரம். கடைசி அம்பு மட்டும் இடப்பக்கம் ஓடிப்போய் வைக்கோலின் விளிம்பில் தொங்கியது.

நீலத்தை எடுத்தாள். கடைசி அம்பு இடப்பக்கம் ஓடியது.

கல்லூரி வில்லிலும் இதே கதைதான். பதற்றம் என்றான் அணித் தலைவன். பதற்றமாம். விவாத மேடையேறி எதிரணியை வாயடைக்கிறவளுக்கு, ஒரு வைக்கோல் கட்டைப் பார்த்துப் பதற்றமாம். வில்லில்தான் கோளாறு என்று இவள் சொன்னாள். கோளாறில்லாத வில்லைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"காத்துக்கா. காத்து இழுத்துட்டுப் போவுது."

நஸ்ரின் தன் துப்பட்டாவின் முனையை விட்டாள். அது வலப்பக்கமாகப் பறந்தது.

குழலிக்குக் கோபம் வந்தது. அப்போதுதான் கவனித்தாள். இவ்வளவு நேரமும் நஸ்ரின் இலக்கைப் பார்க்கவேயில்லை. இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது கண்ண ஏன்ட்டி அந்த நெரி நெரிக்க?"

"மூடலைன்னா இலக்கு ரெண்டா தெரியும்லா?"

"தலை வலிக்குமோ?"

"எய்தா யாருக்கும் வலிக்கத்தானே செய்யும்?"

நஸ்ரின் சிரித்தாள். யாருக்கும் வலிக்காது என்பதை அந்தச் சிரிப்பிலிருந்துதான் குழலி தெரிந்துகொண்டாள்.

"வில்லக் கீழ வை. ரெண்டு கையையும் முன்னால நீட்டு. விரலச் சேத்து சின்னதா ஒரு ஜன்னல் வை. ரெண்டு கண்ணையும் திறந்து, அது வழியா என் மூக்கப் பாரு."

எந்த வில் நல்ல வில் என்று கேட்டால் மூக்கைப் பார் என்கிறாள். குழலி வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டினாள். ஜன்னலுக்குள் நஸ்ரினின் மூக்கு, அதன் நுனியில் ஒரு பொட்டுப் பசை.

"வலது கண்ண மூடு."

மூக்கு அங்கேயே இருந்தது.

"அதத் திற. இடத மூடு."

குழலி மூடினாள்.

"அக்கா, உங்களக் காணோம்."

ஜன்னலுக்குள் கொட்டகைத் தூண் மட்டும் நின்றது.

குழலி அப்படியெல்லாம் ஒப்புக்கொள்கிற ஆளில்லை. கை நகர்ந்திருக்கும் என்றாள். திரும்பித் தென்னை மரத்தைப் பார்த்தாள். இடது கண்ணை மூடியதும் மரம் போய்விட்டது. மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்தாள். ஆடு போய்விட்டது. கடைசியில் மேற்கே மலையைப் பார்த்தாள். அத்தனை பெரிய மலை, அதன் உச்சிப் பாறை, இடது கண்ணை மூடியதும் ஜன்னலை விட்டு ஓரமாக நகர்ந்துகொண்டது.

வலது கண் பார்ப்பதாக இத்தனை நாள் நம்பியதையெல்லாம் இடது கண்தான் பார்த்திருக்கிறது. அதைத்தான் அவள் இரண்டு வருஷமாக நெரித்து மூடியிருக்கிறாள். கடைசி அம்பு வரும்போது அது களைத்துப்போய்த் தானாகத் திறந்து, அம்பைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது.



பிறகு குழலி வெடித்தாள். முதல் நாள் அணியில் சேர்ந்தபோது யாரும் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. சோறு எந்தக் கையில் சாப்பிடுவாய் என்று கேட்டார்கள். இந்தக் கையில் என்றாள். வலக்கை வில்லைக் கொடுத்துவிட்டார்கள். எய்கிறதுக்கும் சோறு தின்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? கண்ணாலா சோறு தின்கிறோம்? கேட்டவனைச் சொல்வதா, கேட்டதும் கையைக் காட்டியவளைச் சொல்வதா?

கடைசிக் கேள்வியில் அவளே கொஞ்சம் தடுக்கி நின்றாள்.

"முடிச்சிட்டியா?" என்றாள் நஸ்ரின்.

"இன்னும் இருக்கு."

"சரி, மிச்சம் இருக்கட்டும்."

இடக்கை வில்லை இழுத்தால் நாண் இடது கண்ணோரம் வரும். ஆனாலும் பச்சை வில்லை எடு என்று நஸ்ரின் சொல்லவில்லை. அதை எடுத்தால் என்ன ஆகும் என்று குழலிக்கே தெரியும். தீபாவளி வரை முதல் வருஷப் பிள்ளைகளோடு நின்று, பத்து மீட்டரிலிருந்து தொடங்க வேண்டும். தேர்வுக்குள் கை பழகாவிட்டால் தண்ணீர் பாட்டில்கூட மிஞ்சாது. நீலத்தை எடுத்தால் மாற்று ஆள் இடமாவது நிச்சயம்.

அவள் கறுப்பைப் பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள்.

பச்சையைத் தூக்கி நஸ்ரினிடம் நீட்டினாள்.

நஸ்ரின் திருகுசாவியால் இழுக்கிற பாரத்தைத் தளர்த்தினாள். சக்கரத்தில் ஆணியை மாற்றிப் போட்டு, இழுக்கிற நீளத்தைக் குழலியின் கைக்குச் சரிசெய்தாள். இறகு ஒட்டிய அம்புகளைக் கொடுத்தாள். அவளை இலக்குக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள்.

வலது கையில் பிடித்து இடது கையால் இழுக்க வேண்டும். இழுத்தாள். பாதியில் தோள் தந்தியடித்தது. மெல்ல இறக்கினாள். மறுபடி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சக்கரம் உருண்டு திரும்பிய இடத்தில், பாரமெல்லாம் சட்டென்று கழன்று, நாண் கன்னத்தில் வந்து சாய்ந்தது.

கண்ணை மூட மறந்துவிட்டாள்.

இரண்டு கண்ணும் திறந்திருக்க, ஒரே ஒரு இலக்கு நின்றது. அதன் பின்னால் மலை நின்றது. ஓரத்தில் ஆடுகூடத் தெரிந்தது.

விட்டாள்.

இலக்கின் நீல வளையம். மஞ்சள் பக்கத்தில்கூட இல்லை. அடுத்ததும் நீலம், முதல் அம்பை ஒட்டி. அதற்கடுத்ததும் அங்கேயே. கடைசி அம்பை வைத்து இழுத்தாள், விட்டாள்.

நீலம். ஓடவில்லை. மற்ற அம்புகளோடு தோளுரசி நின்றது.

"அக்கா, எல்லாம் தப்பான இடத்துல விழுந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அம்புகளைப் பிடுங்கினாள். நஸ்ரின் மறுபடி தன் பசைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பொன்னையா அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்தார். சாக்கில் கறுப்பும் நீலமும் கிடந்தன. பச்சை குழலியின் தோளில் தொங்கியது.

அண்ணாச்சி நல்ல மனுஷர். தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று நினைத்தார். அது இடக்கை வில்லும்மா என்றார். நல்லதை விட்டுட்டு இதைத் தள்ளிவிட்டதாக என் பேரில் பழி வரக் கூடாது என்றார்.

"ரெண்டு நல்ல வில் கொடுத்தேன். ரெண்டயும் விட்டுட்டு இத எதுக்கும்மா தூக்குத?"

குழலி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது வரிசையாக நாக்கு நுனி வரை வந்து நின்றது. எதிர்வாதமும் தயார். அதற்குப் பதிலும் தயார்.

கொட்டகைக்குள் நஸ்ரின் இறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

குழலி வாயை மூடிக்கொண்டாள். ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஹெல்மெட்டக் கழட்டுங்க. ரெண்டு கையையும் நீட்டி இப்படி ஒரு ஜன்னல் வைங்க. என் மூக்கப் பாருங்க."