வெள்ளைக் கோடு

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. மலையூர் ஏரிக்கரையில், படகுத்துறைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட வீடியோ கேம் கூடம் ஒன்று வைத்திருந்தார். பெயர் பர்னபாஸ். குருமடத்தில் ஏழு வருடம் படித்து, பாதிரியார் ஆகாமலே வெளியே வந்தவர். அப்படியும் அவருக்கு ஒரு சீடர் வாய்த்தார் என்பது ஆச்சரியம்தான். ஊரில் பலர் அவரைக் கேலியாகச் 'சாமி' என்பார்கள். கேலி இல்லாமல் அப்படி அழைத்தவர் கோதண்டம் ஒருவரே.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. ஆகவே குரு சீடரை 'அண்ணே' என்பார்.

கோதண்டம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மனைவி ருக்மணி இறந்தபிறகு வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் இந்தக் கூடத்தில் வந்து உட்காரத் தொடங்கினார். சும்மா உட்கார்ந்திருந்தவர் கையில் பர்னபாஸ் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார். தீட்சை அவ்வளவுதான்.

அது ஐப்பசி மழைக்காலம். சுற்றுலாக்காரர்கள் யாரும் மலையேறவில்லை. ஆளில்லாத கூடத்தில் இயந்திரங்கள் தமக்குத் தாமே விளையாடிக்கொண்டிருந்தன. விண்கலங்கள் சுட்டன, கார்கள் மோதின, யாரோ ஜெயித்தார்கள், யாரோ தோற்றார்கள். ஒரு பெட்டி மட்டும் இருட்டாக நின்றது. பின்பக்க ஓட்டை வழியே புகுந்த குரங்கு ஒன்று அதன் பிக்சர் டியூப்பின் கழுத்தை முறித்துவிட்டுப் போயிருந்தது.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"வீட்டுல ஆள் இல்லாதப்ப தனியா இருந்தேன். அது நியாயம். இப்ப ஆள் இருக்கு. இப்பவும் ஏன் தனியா இருக்கேன்?"

ஆள் என்று அவர் சொன்னது சுலோச்சனாவை. நிலக்கோட்டையில் தையல் கடை வைத்திருந்தவள், ஐம்பது தாண்டியவள், அவளும் கணவனை இழந்தவள். கோதண்டத்தின் மகள்தான் பார்த்துப் பேசி, சித்திரையில் இருவரையும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வைத்தாள்.

"அக்கா என்ன சொல்றாங்க?" என்றார் பர்னபாஸ்.

"ஒண்ணும் சொல்றதில்ல. இன்னிக்குக் காலையிலதான் வாயைத் தொறந்தா. நாலு மணி பஸ்ஸுல வத்தலக்குண்டு போறாளாம், அவ தங்கச்சி வீட்டுக்கு. வீட்டுச் சாவியை இங்க வந்து குடுத்துட்டுப் போறாளாம்."

"எப்ப வருவாங்க?"

"சாவியைக் குடுத்துட்டுப் போறவ எப்ப வருவா?"

பர்னபாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் தாண்டியிருந்தது.

"வாங்க, டியூப்பை மாத்திடுவோம்."

"நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க!"

"காதுல விழுந்துச்சு அண்ணே. பின்கதவைக் கழட்டுங்க."

கோதண்டம் கழற்றினார். டியூப்பின் மேல்பக்கத்து ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து, உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தைப் பெட்டியின் இரும்புச் சட்டத்துக்கு இறக்கினார். 'டப்' என்று ஒரு பொறி.

"இன்னொரு தடவை" என்றார் பர்னபாஸ்.

"இப்பத்தானே இறக்கினேன்?"

"கொஞ்ச நேரத்துல திரும்ப ஊறும்."

ஊறியிருந்தது. இந்த முறை பொறி சின்னதாக வந்தது.

டியூப்பின் கழுத்தில் செம்புக் கம்பிச் சுருளும், அதற்குப் பின்னால் மெல்லிய காந்த வளையங்களும் இருக்கும். புது டியூப்புக்கும் அதே சுருள், அதே வளையங்கள்தான். கோதண்டம் அவற்றை உருவுவதற்கு முன் மஞ்சள் பெயின்ட் தொட்டு, ஒவ்வொரு வளையமும் எந்த இடத்தில் நின்றது என்று அடையாளம் வைத்தார். யாரும் சொல்லித்தரவில்லை, அவராகவே செய்தார். செய்துவிட்டு, குரு கவனித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். குரு கவனித்தார், புது டியூப்பின் அட்டைப்பெட்டியைப் பிரித்தார்.

இருவருமாகக் கனத்த பழைய கண்ணாடியை இறக்கினார்கள், புதியதை ஏற்றினார்கள். கோதண்டம் சுருளைப் போட்டு, வளையங்களை மஞ்சள் அடையாளத்துக்கு நேராகத் திருப்பி இறுக்கினார். ருக்மணி போன வீட்டையும் அவர் இப்படித்தான் காப்பாற்றி வந்திருந்தார். தேங்காய்த் துருவி தொங்கிய ஆணியில் தேங்காய்த் துருவியே தொங்கியது. சுலோச்சனாவுக்கு அந்த வீட்டில் எதைத் தேடியும் அலையவேண்டியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அப்படி இருந்தும் அவள் போகிறாள்.

பர்னபாஸ் சுவிட்சைப் போட்டு, சோதனைக்கான கட்டத்தைத் திரையில் வரவைத்தார். கறுப்புத் திரையில் குறுக்கும் நெடுக்கும் வெள்ளைக் கோடுகள் ஓடவேண்டும். வெள்ளை என்று தனியாக ஒன்றும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் அது வெள்ளை; அப்படி விழவைப்பவை அந்த வளையங்கள். கோதண்டம் முன்னால் வந்து பார்த்தார். ஒவ்வொரு கோடும் மூன்றாகப் பிரிந்து, ஒன்றையொன்று பார்க்காமல் நின்றது.

"கோளாறான டியூப்பைத் தலையில கட்டிட்டானுங்க சாமி."

"அடையாளத்துல சரியா வச்சீங்களா?"

"முடி அளவு கூட நகரல."

"நினைச்சேன்" என்றார் பர்னபாஸ். பெயின்ட் கரைக்கும் தின்னரில் கந்தலை நனைத்து, மஞ்சள் அடையாளங்கள் எல்லாவற்றையும் துடைத்தார்.

கோதண்டத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன சாமி, இப்படிப் பண்ணிட்டீங்க! இப்ப எதை வச்சுத் திருப்புறது?"

"அது எந்த டியூப்போட மாறுகண்ணுக்குப் போட்ட அடையாளம்?"

"பழைய டியூப்..." என்று தொடங்கிய கோதண்டம் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"பின்னால போய்த் திருப்புங்க."

பின்னால் நின்று திருப்புகிறவனுக்குத் திரை தெரியாது. தனியாக வேலை செய்கிறபோது பர்னபாஸ் திரைக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திக்கொள்வார். கோதண்டம் அதைக் கேட்டார்.

"நான்தான் முன்னால இருக்கேனே" என்றார் குரு. திரைக்கு முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.

கோதண்டம் ஒரு வளையத்தைத் திருப்பினார்.

"சேர்ந்துச்சா சாமி?"

செய்தித்தாளின் பக்கம் புரண்டது. இன்னொன்றைத் திருப்பினார்.

"இப்ப?"

தகரத்தில் மழைதான் கேட்டது. அவர் இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கையில், உலகத்தில் வேறு யாருமே இல்லையோ என்று தோன்றியது.

"வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்! முன்னால இருக்கறவங்க பேசாம இருந்தா பின்னால இருக்கறவன் என்னத்தைத் திருப்புவான்?"

அந்த நேரத்தில் வாசலில் குடை மடங்கும் ஓசை கேட்டது. சுலோச்சனா ஒரு பையோடு உள்ளே வந்தாள்.

"அவர் இல்லையா தம்பி? சாவி குடுக்கணும்."

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு, உக்காருங்க. இந்தக் கோடு வெள்ளையா ஆனாச் சொல்லுங்க, போதும். எனக்கு டீ போடணும்." பர்னபாஸ் ஸ்டூலை அவளிடம் விட்டுவிட்டு மூலையிலிருந்த மின்னடுப்பை நோக்கிப் போனார்.

பெட்டிக்குப் பின்னால் கோதண்டம் இன்னும் குனிந்துகொண்டார். பிறகு ஒரு வளையம் மெல்ல நகர்ந்தது.

"சிவப்பு விலகிப் போகுது" என்றாள் சுலோச்சனா. "மத்த பக்கம் திருப்புங்க."

திருப்பினார்.

"வருது. வருது. நில்லுங்க. தாண்டிடுச்சு."

"இப்ப?"

"பரவாயில்ல. நீலம்தான் தனியா நிக்குது."

அவள் குரல் தையல்காரியின் குரலாக இருந்தது, துணியின் ஓரம் பார்த்துச் சொல்கிற கறார். ஆறு மாதத்தில் இவ்வளவு நேரம் அவள் பேசி அவர் கேட்டதில்லை.

டீ போட்டபடியே பர்னபாஸ் கேட்டார்: "ஏங்கக்கா, வீட்டுல என்ன கஷ்டம்?"

"கஷ்டம்னு சொல்ல முடியாது தம்பி. சமையல் மேடையில அடுப்பு இடது பக்கச் சுவரை ஒட்டி இருக்கு. நான் வலது பக்கம் தள்ளி வைப்பேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா பழைய இடத்துல இருக்கும். மறுபடி தள்ளுவேன். மறுபடி அங்கயே போயிருக்கும். சண்டை போட்டாக்கூடத் தேவலை. ஒரு வார்த்தை இல்ல. பேய் வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு."

"எதுக்குத் தள்ளி வைக்கிறீங்க?"

"எனக்குக் கரண்டி பிடிக்கிறது இடது கை. அங்க நின்னு கிண்டினா முழங்கை சுவத்துல இடிக்குது. தோல் தடிச்சே போச்சு."

வளையம் நின்றுவிட்டது.

"உனக்கு இடது கையா?" என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா."

"சோறு வலது கையிலதானே போடுற?"

"ஆளுக்கு முன்னால வலது கை. சின்ன வயசுல அடிச்சுப் பழக்கினது. தனியா இருந்தா இடது கைதான்."

"என்கிட்ட சொல்லலையே."

"நீங்க அடுப்பை நகர்த்துறதைச் சொன்னீங்களா?"

சுலோச்சனா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் வளையம் மறுபடி நகர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக.

"மெதுவா" என்றாள். "மெதுவா. அங்கயே விடுங்க. நடுவுல வெள்ளையாயிடுச்சு."

"ஓரத்துல?"

"ஓரத்துல இன்னும் பிரிஞ்சுதான் இருக்கு."

"ஓரம் முழுசாச் சேராதுக்கா, எந்த டியூப்புலயும்" என்று மூலையிலிருந்து சொன்ன பர்னபாஸ் அவளிடம் டீயை நீட்டினார்.

அவள் குடிக்கவில்லை. வெளியே பஸ் வந்து நின்றிருந்தது. சாவியைப் பெட்டியின் மேல் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு, அவர் வெளியே வருவதற்குக் காத்திருப்பவள் போல ஒரு கணம் நின்றாள். அவர் கை பெட்டிக்குள் கம்பிகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. அவள் மழையில் இறங்கிப் போனாள்.

கோதண்டம் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. அவளுக்காக ஊற்றிய டீ ஆறிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வாசல் வரை போனார், திரும்பி வந்தார்.

"சாமி, அவ திரும்பி வருவாளா?"

பர்னபாஸ் அவரைத் தாண்டி வாசல் வழியே வெளியே பார்த்தார். கண்டக்டர் ஒரு கோணிப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, டீக்கடைப் பக்கம் நின்ற டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னைக் கேட்டா எப்படி அண்ணே? பஸ் இன்னும் கிளம்பல."