கருந்தழல் விழுந்த கதை

குளக்கரை மருத மரத்தடியில் ஓர் ஓணான் இருந்தது. பேர் சிலுப்பன். நாலடி நடந்தால் நின்று, தலையைத் தூக்கி, யாராவது நம்மைப் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். "அட, நல்லாயிருக்கியே" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. தொண்டை உப்பி, தலை வானத்தைப் பார்த்துவிடும். அப்புறம் எதிரே யானை வந்தாலும் அதற்குத் தெரியாது.

அந்தக் கரையில் சாயங்காலமானால் ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் தட்டைக்கல்லின் மேல் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாகப் புகுந்துகொள்வார்கள். "நான் வாளை வீசுறேன்" என்று சொல்லிச் சோழியை உருட்டுவார்கள். சோழி மல்லாந்து விழுந்தால் வீச்சு பலிக்கும், கவிழ்ந்தால் பலிக்காது. வீரர்களோடு மோத வேண்டிய பூதத்தை யோசித்துச் செய்துகொண்டு வருவது கல்லில் உட்காருபவரின் வேலை. விளையாடுகிறவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டால் கல் வேறொருவர் கைக்குப் போகும். அதுதான் சட்டம்.

சிலுப்பனுக்கு அந்தக் கல் என்றால் உயிர். பகலெல்லாம் "தலையாட்டி" என்று கேலி செய்யும் கூட்டம், அது கல்லில் ஏறினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்கும். சும்மா விடுமா? இந்த முறை ஒரு டிராகனே செய்துவிட்டது. சிறகு முளைத்த, நெருப்புக் கக்குகிற ராட்சசப் பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்துக் களிமண்ணில் உடம்பு பிடித்தது. கருவேல முள்ளைப் பல்லாகச் செருகியது. குன்றிமணியைக் கண்ணாகப் பதித்தது. பாம்பு உரித்துப் போட்ட சட்டையைச் சிறகாக விரித்தது. கருந்தழல் என்று பேரும் வைத்தது. நான் பொய் சொல்லவில்லை, பார்க்க அப்படி ஒரு அழகு!

முயலும் கீரியும் ஆமையக்காவும் விளையாட வந்தன. கருந்தழலைப் பார்த்ததும் மூன்றும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. சிலுப்பனின் தொண்டை உப்பியது.

"நான் அதோட வயித்துல குத்துறேன்" என்று முயல் சோழியை உருட்டியது. மல்லாந்து விழுந்தது.

"வயித்துல இரும்புச் செதில் இருக்கு" என்றது சிலுப்பன்.

"சரி, நான் வாயில தண்ணியை ஊத்தி நெருப்பை அணைக்கிறேன்" என்றது ஆமையக்கா. அதுவும் மல்லாந்தது.

"அந்த நெருப்பு தண்ணியில அணையாது."

"அது தூங்கும்போது கட்டிப் போடுறேன்" என்றது கீரி.

"கருந்தழல் தூங்கவே தூங்காது."

"இதெல்லாம் முன்னாடியே யோசிச்சு வச்சதா, இப்பத்தான் முளைக்குதா?" என்று கீரி முறைத்தது.

எல்லாம் இப்போது முளைத்ததுதான். ஆசை ஆசையாய்ச் செய்ததை முதல் நாளே சாகக் கொடுக்கச் சிலுப்பனுக்கு மனசு வரவில்லை.

முயல் எழுந்துவிட்டது. "நீ விளையாடக் கூப்பிடல, சிலுப்பா. சாமி செஞ்சு வச்சுட்டு எங்களைக் கும்பிடக் கூப்பிட்டிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனது. மற்ற இரண்டும் பின்னாலேயே போய்விட்டன.

மேல்கிளையில் ஒரு காகம் இதற்காகவே காத்திருந்தது. கல்லின் மேல் அதற்கு ரொம்ப நாளாகக் கண். "இறங்கு" என்றது.

"மாட்டேன்" என்று கல்லைக் கட்டிக்கொண்டது சிலுப்பன்.

காகம் குரலைக் குழைத்தது. "சரி, விடு. ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தச் சிறகு மாதிரி ஒரு வேலைப்பாட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லைப்பா. நீ கொஞ்சம் தள்ளி நின்னா முழுசாப் பார்ப்பேன்."

சிலுப்பன் கல்லைவிட்டு இறங்கித் தள்ளி நின்றது. தொண்டை உப்பியது. தலை வானத்துக்குப் போனது. திரும்பக் கீழே பார்த்தபோது காகம் கல்லின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

சிலுப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியா ஏமாறுவேன் என்று தன்னையே திட்டிக்கொண்டது. திட்டிக்கொண்டே கருந்தழலைப் பார்த்தது. சட்டென்று திட்டுவதை நிறுத்தியது.

"காக்கையாரே, நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம். யாரும் பாதியில எழுந்திரிக்கலைன்னா கல் எனக்கு. எழுந்தா இனி நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"அவங்க வந்தாத்தானே" என்று சிரித்தது காகம்.

சிலுப்பன் மூவரின் வீட்டுக்கும் போனது. "கருந்தழலைக் கொல்ல வழி இருக்கு. அப்ப இல்லை, இப்ப வச்சிருக்கேன். என்னன்னு சொல்லமாட்டேன், வந்து கண்டுபிடிங்க" என்றது. அப்புறம் எப்படி வராமல் இருப்பார்கள்?

மறுநாள் காகம் கல்லின் மேலிருந்து பார்க்க, சிலுப்பன் கீழே நின்றே கதை சொன்னது; ஆட்டம் சூடு பிடித்தது. முயலின் வாள் செதிலில் பட்டுத் தெறித்தது. கீரி வீசிய கயிறு எரிந்து போனது. வெறுப்பில் முயல், "பார்க்க மட்டும் என்ன அழகா இருக்கு சனியன்" என்று முணுமுணுத்தது. உடனே சிலுப்பனின் தலை தன்னையறியாமல் மேலே போனது.

ஆமையக்கா அதைப் பார்த்துவிட்டது. ஓணானைப் பார்த்தது, டிராகனைப் பார்த்தது, மெல்லச் சிரித்தது.

"நான் ஆயுதத்தைக் கீழே போட்டுட்டேன். கருந்தழல் ராசாவே, உன் சிறகு வெயில்ல மின்னுற அழகை என்னன்னு சொல்ல! கொஞ்சம் நிமிர்ந்து காட்டக் கூடாதா?" என்று சோழியை உருட்டியது. மல்லாந்தது.

"கருந்தழல்... தலையைத் தூக்குது" என்றது சிலுப்பன். "தொண்டை உப்புது. அங்க செதில் இல்லை."

"குத்துறேன்!" என்று முயல் துள்ளியது. சோழி உருண்டது. மல்லாந்தது.

தொண்டைக்குள்ளும் இரும்பு இருக்கிறது என்ற சொல் சிலுப்பனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கருந்தழல் பிழைக்கும். மூவரும் சிலுப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சிலுப்பன் அந்தச் சொல்லை விழுங்கியது.

"விழுந்துடுச்சு" என்றது. பிறகு கருந்தழல் விழுந்த விதத்தைச் சொன்னது. மலை அதிர்ந்ததை, சிறகு காட்டையே மூடியதை, கடைசி நெருப்பில் வானம் சிவந்ததைச் சொன்னது. மூவரும் கடைசிவரை அசையாமல் கேட்டுவிட்டு, முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். காகம் கல்லைவிட்டு இறங்கியது.

மறுநாள் காடு முழுக்க அதே பேச்சு. "கருந்தழலை நான்தான் குத்தினேன்" என்று முயல் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டது. தன் வீரம் பெரிதாகத் தெரிய வேண்டுமே, அதனால் டிராகனைத் தானே இன்னும் பெரிதாக்கிச் சொன்னது. "அப்பேர்ப்பட்டதை யார் செஞ்சது?" என்று கேட்டவர்களெல்லாம் குளக்கரைக்கு வந்தார்கள். சிலுப்பன் கல்லின் மேல் உட்கார்ந்து, அடுத்த டிராகனுக்குக் களிமண் பிசைந்துகொண்டிருந்தது. தொண்டை உப்பித்தான் இருந்தது. இந்த முறை உப்பட்டும், நியாயம்தானே.

தான் செய்ததைப் பிறர் வெல்ல வழிவிடுகிறவனுக்கே, அதைச் செய்த பெருமை வந்து சேரும்.