வெண்குறுமீனின் அகலக் கோடுகள்

அந்தக் காலத்தில் விண்மீன்களுக்கு வாய் இருந்தது. அதை மூடும் வழக்கம்தான் இல்லை. வானத்தில் சட்டம் ஒன்றே ஒன்று. உள்ளே விறகு இருக்கும்வரை எரிய வேண்டும், மறுத்தால் வானத்தைவிட்டு வெளியேற வேண்டும். எரித்துத் தீர்த்தவர்கள் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆறிக்கொள்ளலாம். அவர்களை வெண்குறுமீன்கள் என்பார்கள்.

தூவி அப்படித் தீர்ந்தவள். உடம்பின் மேலே கிடந்த வாயுவையெல்லாம் இனிப் பிறக்கப்போகும் விண்மீன்களுக்கு உதறிக் கொடுத்துவிட்டு, வெளுத்து, துளியூண்டாய்ச் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். உடம்பு சிறுத்த அளவுக்குக் கனம் குறையவில்லை. மிச்சமிருந்த மெல்லிய ஹைட்ரஜன் போர்வையை அந்தக் கனம் இறுக்கிப் பிடித்திருந்தது.

அவளைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. விறகு நிறைய வைத்திருந்த வெள்ளை விண்மீன்கள் வெகுதூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டு, "எங்களுக்கும் தீர்ந்துபோச்சு" என்று மூக்கால் அழுதன. அவ்வளவு தூரத்தில் நின்றால் எவன்தான் மங்கலாய்த் தெரியமாட்டான்?

மேற்பார்வைக்கு வந்த கருமுகிலுக்குத் தலை சுற்றியது. பார்த்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய், மங்கல் மங்கலாய் ஒரே கூட்டம்.

"எது நிஜம், எது வேஷம் என்று யார் கண்டது? எல்லோரும் எழுந்து எரியுங்கள்!" என்றார்.

தூவி தன்னைத் தடவிப் பார்த்தாள். எரிக்க அவளிடம் என்ன இருக்கிறது?

"ஐயா, என் வெளிச்சத்தைப் பிரித்துப் பாருங்கள்" என்றாள்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. வெளிச்சத்தைப் பிரிப்பது அப்போதெல்லாம் திருடர்களுக்குத் தரும் தண்டனை. உள்ளே இருப்பதெல்லாம் ஊரறியக் கோடு கோடாய் விழுந்துவிடும். மானமுள்ள விண்மீன் எதுவும் அதற்கு ஒப்பாது.

"யோசித்துத்தான் சொல்கிறாயா அம்மா?"

"மானம் பார்த்தால் இருக்க இடம் போய்விடுமே ஐயா. பிரியுங்கள்."

கருமுகில் ஒரு மழைத்துளியை அவள் முன்னால் பிடித்தார். ஏழு நிறமும் விரிந்தன. நடுநடுவே கறுப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் பட்டை பட்டையாய். இறுக்கம் கூடக் கூடக் கோடும் அகலும்; அவள் போர்வையின் இறுக்கம் அப்படி! தூவி வெட்கத்தில் கூசிப்போனாள்.

அடுத்தது செம்மாந்தன். அழுத கூட்டத்தில் குரல் பெரியது அவனுடையதுதான். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று நழுவப் பார்த்தான். விடுவாரா? அவன் கோடுகள் மெலிசாய் விழுந்தன. பெருத்த உடம்பில் இறுக்கம் ஏது?

"போய் எரிடா!" என்று அவனை விரட்டிவிட்டு, தூவியிடம் தணிந்த குரலில், "நீ ஆறிக்கொள் அம்மா" என்றார்.

அன்று முதல்தான், வெள்ளையாய் மங்கலாய்த் தெரிந்தால் மட்டும் வெண்குறுமீன் என்று யாரும் நம்புவதில்லை. எரிந்து தீர்ந்தவள்கூடத் தன் வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டினால்தான் அவளுக்கு ஓய்வு.