விழிப்பு அளவு

பேருந்து கவிழ்ந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டார். அவர் விழித்திருந்தார் என்று கருவி சொன்னது.

நடந்தது இவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அசந்துவிடக் கூடாது என்று ஒரு தனியார் பேருந்துக் கம்பெனி அந்தக் கருவியை வாங்கி மாட்டியிருந்தது. நெற்றியில் ஒரு பட்டை. அது மூளையலையைப் படிக்கும். முகத்துக்கு எதிரே ஒரு சின்னக் கேமரா. அது இமையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் தெளிவாக இருந்தால் பச்சை விளக்கு. களைத்தால் மஞ்சள். அசந்தால் சிவப்பு, கூடவே காதைக் கிழிக்கும் மணி.

அன்றைக்கு அடிவாரத்திலிருந்து கடைசி வளைவு வரைக்கும் பச்சை. பச்சை எரிய எரியவே வண்டி பள்ளத்தில் சரிந்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஓட்டுநர் பேச்சிமுத்துவை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்தார்கள். அவர் எதையும் ஒளிக்கவில்லை.

“தூங்கிட்டேன்னு நானே சொல்லுதேன்யா. ஒரு டூட்டி முடிச்சு இறங்கினவனை, பச்சை எரியுது ஏறுன்னு மேனேஜர்தான் திரும்ப ஏத்திவிட்டாரு.”

“நீ தூங்கலைன்னு கருவி சொல்லுதே!”

“கண்ணை மூடினது நானா, உங்க டப்பாவா?”

சிரித்தார்கள். விழித்துக்கொண்டே வண்டியைக் கவிழ்த்தவன் என்று ஆகிவிட்டது. அப்படியே முடிந்தால் லைசென்ஸ் போகும். ஜெயிலும் உண்டு. மேனேஜருக்கு ஒன்றும் இல்லை.

கருவியைச் செய்தவர் ஏகாம்பரம். விசாரணையில் கடைசிச் சாட்சி அவர். கருவி சரியாகத்தான் வேலை செய்தது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சிமுத்துவின் கதை முடிந்தது.

சொல்வதற்கு முன்னால் அவர் தன் ஆசிரியரைத் தேடிப் போனார். ஆசிரியர் மெஹருன்னிசா வயதில் அவரைவிடச் சின்னவர். கம்பெனி கம்பெனியாக என்ஜினீயர் வேலை பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு மூளையலை படிக்க அவரிடம் வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம். ஆசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஃபேன் கிறீச்சிட்டால் ஃபேனையும் திட்டுவார்.

“மேடம், ரெண்டு நாளா நான் தூங்கலை. ஒயர் ஒயரா பார்த்தாச்சு. புரோகிராமை வரி வரியா பார்த்தாச்சு. கருவியில தப்பே இல்லை.”

“சரி.”

“அப்போ அந்த ஆள்தான் பொய் சொல்றான்.”

“சரி.”

“என்ன மேடம், எல்லாத்துக்கும் சரி? பொய் சொல்றது ஆளா, கருவியா? அதைச் சொல்லுங்க!”

ஆசிரியர் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

“உட்காருங்க. பட்டையை மாட்டுங்க.”

“எனக்கா?”

“பின்னே ஃபேனுக்கா?”

மாட்டினார். ஒருவர் விழித்திருப்பதுபோல இன்னொருவர் விழித்திருப்பதில்லை. ஒருவருக்கு இமை படபடக்கும், ஒருவருக்கு நிதானமாக இறங்கி ஏறும். அதனால் கருவி முதலில் ஆளின் விழிப்பு அளவை எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது பார்த்தாலும் அந்த அளவோடுதான் ஒப்பிடும். ஏகாம்பரத்துக்கும் ஆசிரியர் அப்படி ஓர் அளவு எடுத்தார். எடுத்து முடித்ததும் ஒரு டம்ளர் நிறையச் சூடான டீயை ஊற்றிக் கையில் கொடுத்தார்.

“குடிக்கவா?”

“பிடிச்சுக்கிட்டு விளக்கைப் பாருங்க. பேசக்கூடாது.”

பச்சை. ஏகாம்பரம் பார்த்தார். ஃபேன் சுற்றியது. வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். பச்சை. ஃபேன் சுற்றியது. சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது, அதை அவரே ஓட்டிக்கொண்டிருந்தார், பின்னால் அவர் அப்பா உட்கார்ந்திருந்தார்.

தொடையில் நெருப்பு விழுந்தது. துள்ளி எழுந்தார். டம்ளர் உருண்டு மேசைக்கு அடியில் போயிற்று.

“ஐயோ! சுடுதே!”

“விளக்கைப் பாருங்க.”

பச்சை.

“இல்ல மேடம், நான் கொஞ்சம் அசந்து…”

“அசரலை. கருவி சொல்லுது. மணியே அடிக்கலை. வேணும்னே கொட்டிட்டீங்க. என் தரையை நாசம் பண்ணிட்டீங்க. உங்களை இன்னைக்கே வெளியே தள்ளணும்.”

“மேடம், இது அநியாயம்!”

“ஆமா.”

ஏகாம்பரம் நனைந்த பேண்ட்டோடு நின்றார். விளக்கைப் பார்த்தார். பட்டையைக் கழற்றினார். மெதுவாகத்தான் பேச்சு வந்தது.

“நீங்க அளவு எடுக்கும்போதே நான் அரைத் தூக்கத்துல இருந்தேன். அதைத்தான் விழிப்புன்னு எடுத்து வெச்சுக்கிச்சு.”

“பேச்சிமுத்துவுக்கு எப்போ அளவு எடுத்தீங்க?”

அவர் பட்டையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“கேட்டேன்.”

“மலையிலிருந்து வண்டி இறங்கி வந்ததும். ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்கூடத் தர முடியாதுன்னு மேனேஜர் சொல்லிட்டார். அதனால வண்டி கழுவுற நேரத்துல டிரைவர்களை ஷெட்டுல வரிசையா உட்கார வெச்சு…”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

ஆசிரியர் மேசையில் அறைந்தார். பென்சில் டப்பா எகிறி விழுந்தது.

“அப்போ இந்த நிமிஷம் மலையில எத்தனை வண்டி பச்சை எரிஞ்சுக்கிட்டுப் போகுதோ! முதல்ல போன் பண்ணி அத்தனை கருவியையும் அணைக்கச் சொல்லுங்க. எப்போ அளவு எடுத்தீங்கன்னு நான் ஒருநாளும் உங்களைக் கேக்கலை பாருங்க. அதுதான் எனக்கு வயிறெரியுது.”

ஏகாம்பரம் போன் செய்தார். பிறகு கேட்டார்: “விசாரணையில நான் என்ன சொல்ல?”

“சொன்னா யார் நம்புவா? அந்த ஆள் சொன்னதை நீங்களே நம்பலையே. பட்டையை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போங்க. போகும்போது பஸ்ஸில தூங்குங்க.”

பேச்சிமுத்துவின் வீட்டு வாசலில் அவர் மனைவி வடிவு நின்றுகொண்டிருந்தார். வழியை விடவில்லை.

“நீருதான் அந்த டப்பாக்காரரோ?”

“ஆமாங்க. அவரைப் பார்க்கணும்.”

“தூங்குதாவ.”

“கொஞ்சம் எழுப்பினீங்கன்னா…”

“எழுப்பணுமா? கலியாணம் ஆன நாள்லேருந்து அவுக இப்படித் தூங்கி நான் பார்த்ததில்ல. வேலை போச்சு, தூக்கமாவது வந்துச்சேன்னு இருக்கேன். அதையும் புடுங்கிட்டுப் போக வந்தீரா?”

ஏகாம்பரம் வெயிலில் நின்றார். உட்காரச் சொல்ல ஆளில்லை, தண்ணீர் தர ஆளில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுப்புங்கள் என்று மறுபடி கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் பேச்சிமுத்து லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஷெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பட்டை மாட்டியவர்தான் ஏகாம்பரம். இருந்தும் அவருக்கு இந்த ஆளை அடையாளம் தெரியவில்லை. தூங்கித் தெளிந்து கண் இரண்டும் பெரிதாக இருந்தன.

“இன்னும் என்னத்தை மாட்ட வந்தீரு?”

“தப்பு என் மேலதான். நீங்க களைச்சு இறங்கின நேரத்துல அளவு எடுத்துட்டேன். தூங்கி எழுந்த உங்களை நான் பார்க்கவே இல்லை.”

“தூங்கி எழுந்த என்னைய எவன் பார்த்திருக்கான்? எம் பொண்டாட்டி பார்த்ததில்ல, எம் பிள்ளைக பார்த்ததில்ல. நீரு பார்த்துட்டாலும்!” காறித் துப்பினார். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து நெற்றியை நீட்டினார். “மாட்டும்.”

விசாரணையில் ஏகாம்பரம் அதிகம் பேசவில்லை. பிழை தன்னுடையது என்றார். விபத்து நாளின் பதிவை எடுத்து, புதிய அளவோடு ஒப்பிட்டு ஓடவிட்டார்.

அடிவாரத்திலேயே மஞ்சள். வண்டி பாதி மலை ஏறுவதற்குள் சிவப்பு. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“அந்தச் சத்தத்தை நிறுத்துங்கய்யா!” என்று மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஏகாம்பரம் நிறுத்தவில்லை. கடைசி வளைவு வரும்வரைக்கும் அடிக்கவிட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பேச்சிமுத்துவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இப்போது விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர். ஓட்டுநர்கள் எல்லோருக்கும் ஓய்வு கொடுத்து, தூங்கவைத்து, மறுபடி அளவு எடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பிறகு கம்பெனியிலிருந்து ஓர் அறிக்கை கேட்டார்கள். ஏகாம்பரம் அதை எழுதிக்கொண்டு ஆசிரியர் முன்னால் வந்து நின்றார். ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

“கருவியைச் சரிசெய்தவர் யாருன்னு கேட்டிருக்காங்க. உங்க பேரைப் போடட்டுமா மேடம்?”

“நான் டீ ஊத்தினேன். அவ்வளவுதான்.”

ஏகாம்பரம் பேனாவைத் திறந்தார்.

“அப்படின்னா… என் பேரை…”

ஆசிரியர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“வெயில்ல நின்னேன்.”

“எதுக்கு நின்னீங்க?”

“அவர் தூங்கி எழுந்திருக்கட்டும்னு.”

“அப்புறம் என்ன கேள்வி? எழுதுங்க.”

“யார் பேரை மேடம்?”

“தூங்கினவர் பேரை. பேச்சிமுத்து.”