பலகையில் முதல் கால்

காயலோரப் பங்களாவை வாங்கிய கையோடு, கரையில் கிடந்த மீனவர் படகுகளையெல்லாம் விரட்டியடித்தார் தணிகாசலம். ஆழத் தண்ணீரில் தூண் நட்டாயிற்று. அதன்மேல் மரநடைபாதை போட வந்த தச்சன் சூசையின் மச்சானும் அப்படி விரட்டப்பட்ட மீனவன்தான்.

"எந்தப் பலகையிலயும் என் கால்தான் முதல்ல படணும். தெரிஞ்சுதா?"

"ஆகட்டும் முதலாளி."

கரையிலிருந்தபடியே முதல் பலகையை ஆணி வைத்து அறைந்த சூசை, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்டா உட்கார்ந்துட்டே?"

"அடுத்ததை அறைய இதுமேல நிக்கணும். நீங்க மிதிங்க முதலாளி."

மிதித்தார். உச்சி வெயிலில் ஒவ்வொரு பலகைக்கும் வந்து மிதித்தார்.

"படகுல நின்னு அறைஞ்சு தொலையேன்டா!"

"படகைத்தான் விரட்டிட்டீங்களே!"

"போய் அவங்களைக் கூட்டிட்டு வா!"

"வருவாங்க. வந்த படகைக் கரையிலதானே கட்டணும்?"

தணிகாசலம் வியர்வையைத் துடைத்தபடி தலையாட்டினார்.

அன்றைக்குக் கட்டிய படகுகளை அப்புறம் யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை.