நட்சத்திரம் இல்லாத சீட்டு

நல்லதம்பிக்கு வயது நாற்பத்தேழு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை டாக்டர் ஜெசிந்தா, அவரைவிட ஒன்பது வயது இளையவர். இருவரும் முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை.

இரண்டாம் நாள் காலை, பஞ்சு மில்லிலிருந்து அன்னக்கிளியைத் தூக்கி வந்தார்கள். கடுமையான ஆஸ்துமா. இரைக்க இரைக்க மூச்சு வாங்கியது. அப்படியும் நல்லதம்பியைப் பார்த்ததும் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

"டாக்டரே... உட்காருங்க. என்னையவிட... நீங்கதான்... வாடிக் கெடக்கீங்க."

மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கரியமில வாயு நாற்பது இருக்க வேண்டும். இருபத்தெட்டுதான் இருந்தது. வேகமாக மூச்சு விட்டே அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். வரம்பு தப்பிய எண்ணுக்குப் பக்கத்தில் இயந்திரம் ஒரு நட்சத்திரம் அச்சடிக்கும். அந்தச் சீட்டில் இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன.

மதியம் இரண்டாவது சீட்டு வந்தது. கரியமில வாயு நாற்பது. நட்சத்திரமே இல்லை. நல்லதம்பி அன்றைக்கு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேடம், எல்லாம் நார்மல். மூச்சும் தணிஞ்சிருச்சு, அசந்து படுத்திருக்கா. வார்டுக்கு அனுப்பிடலாமா?"

ஜெசிந்தா சீட்டைப் பார்த்தார். கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"அன்னக்கிளி, இங்க பாரும்மா. உங்க டாக்டர் உட்கார்ந்துட்டாரு."

அன்னக்கிளியின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. ஜெசிந்தா அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். காலையில் விசில்போலக் கேட்ட இழுப்புச் சத்தம்கூட இப்போது இல்லை.

"தொண்டையில குழாய் போடணும். வெண்டிலேட்டரைக் கொண்டு வாங்க. ஓடுங்கண்ணே!" நல்லதம்பி எழுந்து ஓடினார்.

ஒரு மணி நேரம் கழித்து, அன்னக்கிளிக்காக இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வாங்கி வைத்த டீ ஆறிப்போயிருந்தது.

"சீட்டு தப்பா மேடம்?"

"சரியான சீட்டுதான்."

"அப்போ நாற்பது நார்மல்தானே?"

ஜெசிந்தா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தார்.

"நேத்து ஏன் லேட்டா வந்தீங்க?"

"பஸ்ஸை விட்டுட்டேன். கொஞ்ச தூரம் பின்னாலயே ஓடினேன்."

"அப்புறம்?"

"முடியல மேடம். நடந்தேன்."

"அந்த நேரத்துல உங்களைப் பார்த்தவங்க, 'மனுஷன் எவ்வளவு நிம்மதியா நடந்து போறாரு'ன்னு நெனச்சிருப்பாங்க."