சுட்டியின் கடைசிப் பக்கம்

ஓர் ஊரில் ஒரு மேசை இருந்தது. குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்கள் அதன் மேல்தான் பிறந்தன. பென்சில் படம் போடும், பேனா கதை எழுதும், ரப்பர் தப்பைத் துடைக்கும். மூன்றும் சேர்ந்தே பிழைத்து வந்தன.

ஒருநாள் பென்சில் ஓர் ஆட்டுக்குட்டியை வரைந்தது. நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி இருந்ததால் பெயரும் சுட்டி என்றே ஆகிவிட்டது. அவளுடைய முன்னங்கால்களில் ஒன்று மட்டும் குட்டை. கை தவறி வந்ததா, வேண்டுமென்றே போட்டதா என்று பேனா கேட்டுப் பார்த்தது. பென்சில் பதில் சொல்லவில்லை. அது பிறந்ததிலிருந்தே வாய் திறக்காத ஜாதி.

தப்பு என்று நினைத்து ரப்பர் பாய்ந்து வந்தது. பேனா தடுத்துவிட்டது. இந்தக் குட்டியிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது, அவசரப்படாதே என்றது.

கதை வளர்ந்தது. முதல் பக்கத்தில் சுட்டி பிறந்தாள். அடுத்ததில் தத்தித் தத்தி நடந்தாள். மந்தை முன்னால் போய்விட, புழுதியைத் தின்றபடி பின்னால் வந்தாள். மற்றக் குட்டிகள் அவளைப் போலவே நொண்டி நடந்து காட்டிச் சிரித்தன. குட்டிகளுக்கு வேறென்ன வேலை?

மலைச்சரிவில் குட்டைக் கால் மேட்டுப் பக்கம் இருக்கும்படி நடந்தால் நடை நேராகிவிடும் என்று சுட்டி தானாகவே கண்டுபிடித்தாள். அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பிடிபடாத சந்தோஷம். திரும்பி வரும்போதுதான் பாடு இரட்டிப்பு.

இன்னொரு பக்கத்தில் அவள் ஓடைக்கரையில் நின்று தண்ணீரில் தெரியும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மட்டும் பேனா ஒரு வரியும் எழுதவில்லை. மனசு வரவில்லை என்றது.

கடைசிப் பக்கம் பாக்கி இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பேர்போன பேனா அது. அது எழுதிய புத்தகங்களில் கண் தெரியாத முயலுக்குக் கடைசிப் பக்கத்தில் பார்வை வந்துவிடும். பேச வராத கிளி பாட்டே பாடிவிடும். பேனா கெட்டது இல்லை. ஒரு குழந்தை அழுதபடி புத்தகத்தை மூடுவதை அதனால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

இடையன் ஒரு பச்சிலையைக் கொண்டுவந்து கட்டுவான், ஒரே ராத்திரியில் கால் வளர்ந்துவிடும் என்று பேனா திட்டம் சொன்னது. சுட்டிக்கும் சந்தோஷம்தான். ஆசை யாரை விட்டது? அவளே காலை நீட்டிக் காட்டினாள். ரப்பர் குட்டைக் காலை அழித்தது. பென்சில் நீளக் காலை வரைந்தது.

சுட்டி கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். ஓர் அடி எடுத்து வைத்தாள், விழுந்தாள். சாய்ந்தே பழகிய தோள் பழக்கதோஷத்தில் சாய்ந்துவிட்டது. அதற்காக அவள் கவலைப்படவில்லை. நாலு நாள் நடந்தால் பழகிவிடும் என்று எழுந்து, மற்றப் பக்கங்களில் இருக்கும் சுட்டிகளிடம் காலைக் காட்டலாம் என்று திரும்பிப் பார்த்தாள்.

ஓடைக்கரைச் சுட்டி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் காலைப் பார்த்தாள். பிறகு தன் குட்டைக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

குட்டிகள் நடந்து காட்டிச் சிரித்தபோதுகூட அவள் அப்படிச் செய்ததில்லை. அவளுக்கு இந்த வெட்கத்தைக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, தான்தான் என்று கடைசிப் பக்கத்துச் சுட்டிக்குத் தெரிந்தது.

"அக்கா, இதை அழிச்சிருங்க. பழைய கால்தான் வேணும்" என்றாள் ரப்பரிடம்.

ரப்பருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏற்கெனவே தேய்த்த இடம், இன்னொரு தரம் தேய்த்தால் தாள் ஓட்டையாகிவிடும் என்று பயந்தது. ஓட்டை விழுந்த தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்கள். கூடவே சுட்டியும் போய்விடுவாள். மேசைக்குக் கீழே கூடை இருந்தது. அதற்குள் கசங்கிக் கிடந்த முகங்கள் சுட்டிக்கும் தெரிந்தன.

பேனாவுக்குக் கோபம் வந்தது. கால் சரியாகாமல் கதையை எப்படி முடிப்பது, பிள்ளைகள் அழ மாட்டார்களா என்றது. கொஞ்ச நேரம் கழித்து அதுவே இறங்கி வந்தது. சரி, கால் அப்படியே இருக்கட்டும், ஒரு நரியைக் கொண்டுவருகிறேன் என்றது. சுட்டி பின்தங்கி வருவதால் நரி அவள் கண்ணில்தான் முதலில் படும். அவள் கத்துவாள், மந்தை பிழைத்துக்கொள்ளும். அப்புறம் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள்.

சுட்டி யோசித்துப் பார்த்தாள்.

"நரி வராட்டி என்னண்ணே ஆகும்?"

"அப்படின்னா?"

"நரி வராத நாள்ல என்னையச் சேத்துக்க மாட்டாங்களா?"

பேனாவின் முனையில் இருந்த மை காய்ந்துபோனது. இத்தனை புத்தகம் எழுதியும் இப்படி ஒரு கேள்வியை அது கேட்டதில்லை.

"அப்ப உனக்கு என்னதாம்மா வேணும்?" என்றது கடைசியில்.

"மத்தக் குட்டிங்களுக்குக் கடைசிப் பக்கத்துல என்ன எழுதுவீங்க?"

"அதுங்களுக்கு என்ன? மேயும், முட்டிக்கும், பொழுது சாய்ஞ்சா பட்டிக்குப் போகும்."

"எனக்கும் அது போதும்ணே."

ரப்பர் தன் கூர் மழுங்காத ஓரமாகப் பார்த்துத் திருப்பிக்கொண்டு மெதுவாகத் தேய்த்தது. தேய்த்துவிட்டு ஊதியது, மறுபடி தேய்த்தது. தாள் இளைத்துக்கொண்டே வந்தது. அடியில் இருந்த மேசையின் நிறம் தெரியத் தொடங்கியது. சுட்டி கண்ணை மூடிக்கொண்டாள். நல்லவேளை, கிழியவில்லை. மெலிந்த அந்த இடத்தில் பென்சில் மூச்சைப் பிடித்துக்கொண்டு குட்டைக் காலை வரைந்தது.

பேனா முனகிக்கொண்டே எழுதியது. மழை விட்டிருந்தது. சுட்டி வயிறாரத் தின்றாள். ஒரு வேப்பங்கொப்புக்காகக் கருவாயன் என்ற குட்டியோடு முட்டிக்கொண்டாள். இருட்டுவதற்குள் பட்டிக்குப் போனாள். அவ்வளவுதான் கதை. பச்சிலையும் இல்லை, நரியும் இல்லை, இதைப் போய் எந்தப் பிள்ளை படிக்கும் என்று பேனா அலுத்துக்கொண்டது. சுட்டி அதைக் கவனிக்கவில்லை. ஓடைக்கரையில் நின்றவள் மறைத்த காலை மெல்ல வெளியே எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாள்களையே தைத்துச் செய்த புத்தகம் ஒரு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பளபளப்பான புத்தகங்களையெல்லாம் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். இதை யாரும் தொடவில்லை. பேனா சொன்னது பலித்துவிட்டதோ என்று சுட்டிக்குப் பயமாகத்தான் இருந்தது. தன் பிடிவாதத்தால் மற்றப் பக்கத்துச் சுட்டிகளும் இருட்டில் கிடக்க வேண்டியதாகிவிட்டதே என்று வருந்தினாள்.

ஒரு மாலையில் நிலோபர் என்ற சிறுமி தன் அம்மாவோடு அங்கே வந்தாள். ஒரு காலில் இரும்புப் பட்டை போட்ட கனத்த பூட்ஸ் அணிந்திருந்தாள். அட்டையில் இருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் புத்தகத்தை உருவினாள். எடுத்த எடுப்பில் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

சிறுமியின் முகம் குனிந்து கிட்டே வந்தது. வேப்பங்கொப்பை அவள் பார்க்கவில்லை, கருவாயனையும் பார்க்கவில்லை. தாள் மெலிந்திருந்த இடத்தில், குட்டைக் காலின் மேல் விரலை வைத்தாள்.

"கதையப் பின்னாலேருந்து யாராச்சும் படிப்பாங்களா புள்ள?" என்றாள் அம்மா.

"கால் சரியாயிடுச்சான்னு பாத்தேம்மா. எல்லாப் புக்குலயும் கடைசில சரியாயிடும்."

"இதுல?"

"ஆகல."

இரும்புப் பட்டை போட்ட காலை நீட்டிக்கொண்டு நிலோபர் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் திறந்தாள்.